இரண்டாம் தட்டு மட்டும் போதாது

பினாங்கிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “பிடித்த ஆக்‌ஷன் காமெடிப் படம் ஒன்றை மறுபடி மறுபடி பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது? யார் யாரை அடிப்பார், எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்ட பிறகு மிச்சம் என்ன? சில படங்கள் இரண்டாம் முறையே புளித்துப்போகின்றன. சில மட்டும் ஏன் புளிப்பதில்லை?”

இளமைக்கால நினைவுதான் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது முழுப் பதிலாகாது. என் பதின்ம வயதில் நான் விழுந்து விழுந்து பார்த்த இருபது அடிதடிப் படங்களில் பதினெட்டை இன்று பதினைந்து நிமிடங்களுக்கு மேல் என்னால் பார்க்க முடிவதில்லை. அவற்றோடும் எனக்கு நினைவுகள் இருக்கத்தான் செய்கின்றன. எனவே பொதுவாகப் பேசாமல், நான் எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கையே விட்டுவிட்ட ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது ஏன் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று விளக்கப் பார்க்கிறேன். கோலாலம்பூரில் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் படத்தொகுப்பு செய்து பிழைப்பவன் நான். என் தந்தையார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இரண்டு விவரங்களும் பின்னால் தேவைப்படும்.

படம், 1992இல் ஹாங்காங்கில் வெளிவந்த ‘போலீஸ் ஸ்டோரி 3: சூப்பர் காப்’. இயக்கியவர் ஸ்டான்லி டோங். ஜாக்கி சான், மிஷெல் இயோ, மேகி சியுங் ஆகியோர் நடித்தது. 1985இல் வந்த முதல் பாகத்தையும் 1988இல் வந்த இரண்டாம் பாகத்தையும் ஜாக்கி சானே இயக்கினார். மூன்றாவதில்தான் இயக்கத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நடிப்பிலும் சண்டையிலும் கவனம் செலுத்தினார். அந்த ஆண்டு தைவானின் தங்கக் குதிரை விருது விழாவில் சிறந்த நடிகர் விருதை இந்தப் படத்துக்காகவே பெற்றார் என்பதை, “அவர் சண்டைதானே போடுவார், நடிப்பாரா” என்று கேட்பவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு. படத்தின் கடைசிப் பகுதி நம் கோலாலம்பூரில் நடக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி சான் நடிக்கும் ஹாங்காங் போலீஸ்காரர் சான் கா குய், போதைப்பொருள் கும்பல் ஒன்றுக்குள் ஊடுருவுவதற்காகச் சீனாவின் குவாங்சோவுக்கு அனுப்பப்படுகிறார். அங்கே மிஷெல் இயோ நடிக்கும் யாங் என்ற சீனக் காவல் அதிகாரியோடு சேர்கிறார். கைதி வேடத்தில் தொழிலாளர் முகாமுக்குள் நுழைந்து, பாந்தர் என்னும் கும்பல்காரனைத் தப்பிக்க வைத்து, அவன் வழியாகத் தலைவன் சாய்பாட்டை நெருங்குகிறார். சாய்பாட்டின் மனைவி மலேசியச் சிறையில் மரண தண்டனைக் கைதி. சுவிஸ் வங்கிக் கணக்கின் இரகசிய எண் அவளுக்கு மட்டுமே தெரியும். அவளை மீட்கத்தான் கும்பல் கோலாலம்பூருக்கு வருகிறது.

இப்போது என் சொந்தக் கதை. 1990களின் இறுதியில் எங்கள் வீட்டுக்கு இந்தப் படத்தின் விசிடி வந்தது. இரண்டு தட்டுகள். முதல் தட்டில் கீறல் இருந்ததால் திரை அடிக்கடி கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். விற்ற கடைக்காரரோ “வாங்கும்போது நல்லாத்தானே இருந்தது” என்று மாற்றித்தர மறுத்துவிட்டார். ஆகவே நானும் என் தம்பியும் இரண்டாம் தட்டை மட்டுமே போட்டுப் பார்ப்போம். எங்கள் தட்டில் அது, கும்பலோடு தாய்லாந்துக்குப் போன இடத்தில் வரும் துப்பாக்கிச் சண்டைக்குச் சற்று முன்னால் தொடங்கும். வெடிகுண்டு, ஹெலிகாப்டர், ரயில் கூரை என்று நல்ல சரக்கெல்லாம் அதில்தான் இருந்தது. பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? ஏழெட்டு முறை பார்த்திருப்போம். பிறகு சலித்துவிட்டது. ‘எல்லாம் தெரிந்துவிட்டது’ என்ற அதே சலிப்பு, நீங்கள் கேள்வியில் சொன்ன சலிப்புதான்.

பல ஆண்டுகள் கழித்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில், கீறல் இல்லாத டிவிடி ஒன்று கிடைத்து முதலிலிருந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இரண்டாம் தட்டில் நடக்கும் சண்டைகள் எல்லாவற்றுக்கும் காரணம் முதல் தட்டின் நகைச்சுவையில் இருந்தது. நாங்கள் விளைச்சலை மட்டும் பார்த்துவிட்டு விதைப்பைத் தவறவிட்டிருந்தோம்.

இந்தப் படத்தின் நகைச்சுவை முழுவதும் பொய் சொல்வதிலிருந்து வருகிறது. மேலதிகாரிகள் நைச்சியமாகப் பேசிக் கா குய்யைத் தானாகவே முன்வந்தவர்போல் ஆக்கிவிடுகிறார்கள். கா குய் தன் காதலி மேயிடம் (மேகி சியுங்) பயிற்சி முகாமுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கும்பலிடம் தான் ஒரு சின்னக் குற்றவாளி என்கிறார். தப்பித்து வரும் வழியில் பாந்தர், “உன் ஊர் பக்கத்தில்தானே இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம்” என்று கிளப்பிவிட, பொய்யாகச் சொன்ன ஊரில் பொய்யான வீட்டைத் தேடிப்போக வேண்டிய நிலை. தன் ‘குடும்பம்’ எது என்று தெரியாத ஒருவன் சொந்த ஊருக்குள் நடந்துபோகும் அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் சிரிக்கிறேன். நல்லவேளையாகச் சீனப் போலீசார் ஏற்கெனவே அங்கே ஒரு குடும்பத்தை நட்டு வைத்திருக்கிறார்கள்: யாங்தான் தங்கை, தாய் வேடத்தில் சேலை கட்டாத குறையாக உட்கார்ந்திருப்பவர், ஹாங்காங்கிலிருந்து வந்த ஆண் மேலதிகாரியாக நடிக்கும் பில் டங்.

முதல் முறை பார்ப்பவர் இந்தக் காட்சியில் கா குய்யைத்தான் பார்ப்பார். மாட்டிக்கொள்வாரா, மாட்டாரா என்ற பதற்றம் மற்ற முகங்களைப் பார்க்க விடாது. மூன்றாம் முறை பார்க்கும்போது பதற்றம் போய்விடுகிறது. கண் தானாகவே யாங்கின் முகத்துக்கு நகர்கிறது. அவள் ஒரு கறாரான அதிகாரி. பொய் சொல்வது அவளுக்குக் கடமையே தவிர விளையாட்டு இல்லை. அவனுக்கோ வாய் சும்மா இருக்காது. இந்த இருவரின் குண வேறுபாடுதான் பிறகு வரும் எல்லாச் சண்டைகளிலும் கை கால் வடிவம் எடுக்கிறது: அவன் தப்பிப்பதற்காக அடிக்கிறான், அவள் அடிப்பதற்காகவே அடிக்கிறாள்.

பொய்கள் எல்லாம் வந்து மோதும் இடம் கோலாலம்பூர் ஹோட்டல். பயிற்சி முகாமில் இருப்பதாக நம்பப்படும் காதலன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு ஹோட்டலில் நிற்பதை, சுற்றுலாப் பயணிகளை அழைத்து வந்திருக்கும் மே பார்த்துவிடுகிறாள். கும்பல் பக்கத்திலேயே இருப்பதால் அவனால் அவளைத் தெரியும் என்று காட்டிக்கொள்ள முடியாது. அவளுக்கோ அவன் தெரியாததுபோல் நடிப்பதே குற்றத்துக்குச் சாட்சி. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்யச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். இங்கே பொய்யே கல்யாணத்தைக் கெடுக்கும்போல் இருக்கிறது. கடைசியில் அவளைத் தனியே பிடித்து உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

அங்கேதான் படம் என்னைப் பிடித்து உலுக்கியது. படத்தில் கா குய் சொல்லும் பொய்கள் எல்லாம் எப்படியோ அவனைக் காப்பாற்றுகின்றன. அவன் வாய் திறந்து சொல்லும் ஒரே உண்மை, அவனையும் யாங்கையும் மேயையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கிறது. சந்தேகம் தீர்ந்த மகிழ்ச்சியில் மே அதைத் தன் உடன்பணியாளரிடம் லிஃப்டில் சொல்கிறாள். கும்பலைச் சேர்ந்தவன் அதே லிஃப்டில் நின்று கேட்கிறான். சுவருக்குக் காது உண்டு என்றால் லிஃப்டின் சுவருக்கு ஏன் இருக்காது? மே பணயக் கைதியாகிறாள். சாய்பாட்டின் மனைவியைச் சிறை மீட்கும் வேலையைப் போலீஸ்காரர்களே செய்ய வேண்டியதாகிறது. பிறகு துரத்தல், ஹெலிகாப்டர், ரயில் எல்லாம். இரண்டாம் தட்டை மட்டும் பார்த்த பையனுக்கு லிஃப்ட் காட்சி ஒரு நிமிட இடைவெளி. எப்போது ஹெலிகாப்டர் வரும் என்று காத்திருக்கும் நேரம். முழுப் படத்தையும் அறிந்தவருக்கோ படத்திலேயே மிகப் பயங்கரமான காட்சி அதுதான். அதில் ஒரு கை கூட ஓங்கப்படுவதில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. சிரிப்பும் சண்டையும் தனித்தனியாக ஓடும் படத்தில், முடிவு தெரிந்ததும் இரண்டும் தீர்ந்துபோகும். சிரிப்பே சண்டைக்குக் காரணமாக இருக்கும் படத்தில், முடிவு தெரிந்த பிறகுதான் சிரிப்புக்குள் இருக்கும் ஆபத்து கண்ணில் படும்.

தமிழ்ப் படங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1980களிலும் 1990களிலும் நம் படங்களில் காமெடி டிராக் என்று தனியாகவே ஒன்று இருந்தது. கதாநாயகன் பழிவாங்கிக்கொண்டிருப்பார், கவுண்டமணியும் செந்திலும் வேறொரு தெருவில் வேறொரு பிரச்சினையில் இருப்பார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து இன்றைக்கும் பார்க்கிறோம், நூறாவது முறையும் சிரிக்கிறோம். ஆனால் படத்தைப் பார்க்கிறோமா? அந்தப் படங்களில் பலவற்றின் நாயகன் யார், வில்லன் யார் என்பதே நினைவில் இல்லை. டிராக் பிழைத்தது, படம் பிழைக்கவில்லை. நான் இரண்டாம் தட்டுக்குச் செய்ததைத்தான் நாம் எல்லோரும் அந்தப் படங்களுக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

சண்டைக் காட்சிகளைப் பற்றித் தொழில் முறையில் சில வார்த்தைகள். எங்கள் தொடர்களில் மாமியார் மருமகளை ஓர் அறை அறைந்தால், அதை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டி, நடுவே வீட்டிலுள்ள அத்தனை பேர் முகத்தையும் காட்டிவிட்டுத்தான் அடுத்த வசனத்துக்குப் போவோம். இது என் சோற்றுக்கு வழி, குறை சொல்லமாட்டேன். அந்த அறை உண்மையில் விழவே இல்லை என்பதை மறைக்கத்தான் அத்தனை வெட்டும். ஜாக்கி சான் படத்தில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. கை கிளம்புவதும், அது போய்ச் சேருவதும், அடிபட்டவன் மேசையின் மேல் விழுவதும் பெரும்பாலும் ஒரே சட்டகத்துக்குள் அடங்கும்படி கேமரா தள்ளி நிற்கிறது. அதோடு, வேகமான அசைவுகளுக்கு நடுவே ஒரு கணம் எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள். தவில்காரர் தீர்மானம் என்னும் முடிப்புக்கு முன் ஒரு கணம் கையை எடுப்பதைப்போல. அந்த நிறுத்தம் இருப்பதால்தான் அடுத்த அடி கண்ணுக்குப் புரிகிறது. ஓட்டத்தில் பார்த்தால் இது தெரியாது. தொகுப்பு மேசையில் ஒவ்வொரு சட்டகமாகத் தள்ளிப் பார்த்தால்தான், நிற்கும் இடமும் பாயும் இடமும் எவ்வளவு கணக்காக வைக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியும்.

இதற்குப் பின்னால் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. ஜாக்கி சான், சிறுவயதில் ஹாங்காங்கில் யு ஜிம் யுவென் என்ற ஆசானிடம், பாட்டும் கரணமும் சேர்ந்த சீன மேடைக்கலையான பீக்கிங் ஓப்பரா பயின்றவர். பாந்தராக நடிக்கும் யுவென் வாவும் அதே ஆசானின் மாணவர். புரூஸ் லீயின் படங்களில் அவருக்காகக் குட்டிக்கரணம் போட்டவர். ஒரே வாத்தியாரிடம் ஒரே தாளத்துக்கு அடி வாங்கி வளர்ந்த இருவர் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், ஒருவர் மூச்சு இழுக்கும் இடத்தில் மற்றவர் காத்திருப்பது தெரியும். நம் ஊரில் ஒரே ஆசானிடம் சிலம்பம் கற்றவர்கள் கம்பு சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மற்றொன்று ஒலி. ஹாங்காங் படங்களில் வசனத்தைப் பிறகு ஸ்டூடியோவில் குரல் கொடுத்துச் சேர்ப்பதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. படப்பிடிப்பின்போதே ஒலியைப் பதிவு செய்த முதல் ஜாக்கி சான் படம் இதுதான். அதனால் யாங்குடன் அவர் வாக்குவாதம் செய்யும் இடங்களில் ஒருவர் வார்த்தையின் மேல் மற்றவர் வார்த்தை ஏறி விழுகிறது. கான்டனீஸ் தெரியாத எனக்கே அந்த ஏற்றம் சிரிப்பை வரவழைக்கிறது. இதைக் கருதியே ஒரு யோசனை சொல்கிறேன்: 1996இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ஆங்கிலக் குரல் கொடுத்து, இசையை மாற்றி, சில காட்சிகளைக் குறைத்துவிட்டார்கள். மறுபடி பார்க்கத் தகுந்தது கான்டனீஸ் மூலம்தான். மலாய் வசன வரிகளோடு கிடைத்தால் இன்னும் நல்லது.

மிஷெல் இயோவைப் பற்றி மலேசியர்களிடம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈப்போவில் பிறந்தவர், லண்டனில் பாலே பயின்றவர், 1983இல் மிஸ் மலேசியா, 2023இல் ஆஸ்கர். ஆனால் 1992இல் அவர் நிலை வேறு. திருமணத்துக்குப் பின் நடிப்பை விட்டு ஒதுங்கியிருந்து, இந்தப் படத்தில்தான் திரும்பி வந்தார். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர், படத்துக்காகக் கற்றுக்கொண்டு, மேட்டிலிருந்து பாய்ந்து ஓடும் ரயிலின் கூரையில் வந்து இறங்குகிறார். இதைப் பார்த்து வியக்காதவர் இல்லை. நான் மறுபடி மறுபடி பார்ப்பதோ அதற்கு அடுத்த சில வினாடிகளை. வண்டி ஒரு பக்கம் சரிய, அவர் எழுந்து நிற்கும்போது முதுகு நேராகிறது, தோள் கீழிறங்குகிறது, தலை மேலெழுகிறது. பாலே பயின்ற உடம்பு எத்தனை புழுதியிலும் அதை மறப்பதில்லை. ஜாக்கி சான் எழுந்து நிற்கும்போது எப்போதும் எங்கோ ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு வலியில் முகம் சுளிப்பார். ஒருவர் வலியைக் காட்டிச் சிரிக்கவைக்கிறார். மற்றவர் வலியே இல்லாததுபோல் நின்று சிரிக்கவைக்கிறார்.

ஆனால் வலி இருந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, தவறிப்போன படப்பிடிப்புத் துண்டுகளைக் காட்டுவது ஜாக்கி சான் படங்களின் வழக்கம். அதில் மிஷெல் இயோ வேனிலிருந்து ஜாக்கி சான் ஓட்டிவரும் காரின் முன்பகுதியில் விழுந்து, பிடி கிடைக்காமல் வழுக்கிச் சாலையில் உருளுகிறார். ஜாக்கி சான் அவரைப் பிடிக்கக் கை நீட்டுகிறார், பிடிக்க முடிவதில்லை. அதைப் பார்த்துவிட்டு மறுமுறை படத்தைத் தொடங்கினால், அதே தாவல் வரும்போது உங்கள் கை தானாகவே நாற்காலியின் பிடியைத் தேடும். இந்த முறை அவர் விழமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பயப்படுகிறீர்கள். மறுபார்வை கொடுக்கும் பயம் இது. முதல் பார்வையில் இது கிடையாது.

இனி நம் ஊர். மலேசியச் சிறை, மரண தண்டனை என்று கதையில் வைத்தது சும்மா இல்லை. போதைப்பொருள் கடத்தலுக்கு 1983இல் இங்கே கட்டாய மரண தண்டனை வந்தது. 1986இல் புடு சிறையில் இரண்டு ஆஸ்திரேலியர்கள் தூக்கிலிடப்பட்டதும் உலகம் முழுவதும் பேசப்பட்ட செய்தி. ஆகவே சாய்பாட்டின் மனைவிக்கு மலேசியாவில் தண்டனை விதித்தால், பணத்தைக் காட்டி எதுவும் செய்ய முடியாது என்று பார்ப்பவர்களுக்கு உடனே விளங்கிவிடும். அந்தக் கட்டாயத்தன்மை 2023இல் நீக்கப்பட்டது. புடு சிறையும் இடிக்கப்பட்டுவிட்டது. இன்றைய இளைஞருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் கயிற்று ஏணியில் பாய்ந்து தொற்றிக்கொண்டு, கா குய் கோலாலம்பூருக்கு மேல் பறக்கும் காட்சி பலருக்குத் தெரிந்திருக்கும். கீழே விரியும் நகரத்தில் இரட்டைக் கோபுரம் கிடையாது. அந்த இடம் அப்போது குதிரைப் பந்தயத் திடல். 1996இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் கோபுரமும் கிடையாது. இலகு ரயில் தூண்கள் கிடையாது. 1988இல் எழுந்த 244 மீட்டர் மேபேங்க் கட்டடம்தான் அன்றைய உயரம். பிறகு வந்த படங்களில் கோலாலம்பூர் என்றால் இரட்டைக் கோபுரத்தைக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது. நம் தமிழ்ப் படங்களும் அதற்கு விலக்கல்ல. இந்தப் படத்துக்கு அந்தச் சௌகரியம் இருக்கவில்லை. அதனால் நகரத்தைக் கூரை கூரையாகக் காட்ட வேண்டியிருந்தது. என் தந்தையார் அந்தப் பறக்கும் காட்சியில் ஓரிடத்தில் பிரிக்பீல்ட்ஸ் தெரிகிறது என்பார். நான் எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். எனக்கு மரப் பச்சையும் கூரை ஓடுகளும்தான் தெரிகின்றன. இந்த வழக்கு எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாக நிலுவையில் இருக்கிறது.

ஆனால் ரயில் விஷயத்தில் அவர் சொன்னதை நான் மறுக்க முடியவில்லை. ஒரு தீபாவளி விடுமுறையில் படத்தை மறுபடி போட்டேன். ரயில் கூரையில் சண்டை வந்ததும் அவர் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையருகே போய், சண்டைக்காரர்களை விட்டுவிட்டு அவர்கள் தலைக்கு மேலிருந்த வெற்று வானத்தை விரலால் தொட்டார். “கம்பி எங்க?” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விளக்கினார். கோலாலம்பூர் வட்டாரத் தடங்களில் கொம்யூட்டர் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1995இல். அதிலிருந்து தடத்தின் மேலே 25,000 வோல்ட் கம்பி. தொட வேண்டியதுகூட இல்லை, நெருங்கினாலே போதும், ஆள் கரிக்கட்டை. இன்றைக்கு அந்தத் தடங்களில் ரயில் கூரையின் மேல் யாரும் எழுந்து நிற்க முடியாது. ஹெலிகாப்டர் வந்து கூரையில் சிக்குவது நினைத்தும் பார்க்க முடியாதது. படம் வெளியானது 1992 ஜூலையில். அரசுத் துறையாக இருந்த ரயில்வே கேடிஎம் நிறுவனமானது அதே ஆண்டு ஆகஸ்டில். டீசல் வண்டிகளும் வெற்று வானமும் இருந்த அந்தக் கடைசி மூன்று நான்கு ஆண்டுகளின் இடைவெளியில்தான் இந்தச் சண்டை சாத்தியமாயிற்று என்று, ஒரு ரயில்வேக்காரருக்கே உரிய திருப்தியோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் பணியாற்றிய பிரிக்பீல்ட்ஸ் வண்டிக்கூடம் இருந்த நிலத்தில் இன்று கே.எல். சென்ட்ரல் நிற்கிறது.

எத்தனையோ முறை சட்டகம் சட்டகமாகப் பார்த்தவன் நான். அந்த வானத்தை ஒரு முறையும் பார்த்ததில்லை. நான் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் வேலையிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பார்ப்பதானால் வேறொரு தொழில் செய்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள் என்பதை உங்களுக்கு ஒரு செய்முறை யோசனையாகவே சொல்கிறேன்.

எல்லாம் இந்தப் படத்தில் குறையில்லாமல் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். தாய்லாந்துச் சண்டை இரண்டாம் தட்டுக் காலத்தில் எனக்கு உயிர். இப்போது அது நீளமாகத் தெரிகிறது. துப்பாக்கி கையில் வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள்; கா குய்யும் யாங்கும் யார் என்பதே மறந்துபோகிறது. மேகி சியுங்குக்கு இதைவிட நல்ல வேலை கொடுத்திருக்க வேண்டும். லிஃப்டில் வாயைத் திறந்து கெடுப்பதும் பிறகு கத்துவதும்தான் அவர் பங்கு. ஆனால் ஹோட்டலில் காதலனைக் கண்ட கணத்தில் அவர் முகத்தில் சந்தேகம், கோபம், அவமானம் மூன்றும் வரிசையாக வந்துபோவதைக் கவனித்தால், வீணடித்திருக்கிறார்களே என்று தோன்றும்.

இறுதியில் ஹெலிகாப்டர் நொறுங்கி எரிய, சாய்பாட்டின் மனைவி கணக்கின் எண்ணைச் சொல்லிவிடுகிறாள். உயிரைக் கொடுத்துச் சேர்ந்து சண்டை போட்ட இருவரும் உடனே வேறொரு சண்டையைத் தொடங்குகிறார்கள்: பணம் ஹாங்காங்குக்கா, சீனாவுக்கா? 1997இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த ஆண்டில் எடுத்த படம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், பொய்யில் தொடங்கிய கூட்டு பங்குச் சண்டையில் முடிவது எத்தனை குறும்பு என்று விளங்கும். பதின்ம வயதில் எனக்கு அது பெயர்கள் ஓடுவதற்கு முன் யாரோ பேசும் சில வரிகள், அவ்வளவுதான்.

அந்தத் தீபாவளியன்று படம் முடிந்ததும் தந்தையார் எழுந்து தேநீர் கேட்டார். பிறகு சமையலறை வாசலில் நின்று, ரொம்ப நேரமாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்பதுபோல் கேட்டார்: “இவ்வளவு பெரிய விபத்து நடந்திருக்கு. அந்த வண்டிக்கு கார்டு யாரு? ரிப்போர்ட் யார் எழுதினாங்க?”